விளக்கு எரிந்தால் வால்வை மாற்றிவிட வேண்டுமா?

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கும். 'செக் எஞ்சின்' விளக்கு என்பார்கள். அது எரிய ஆரம்பித்ததும் சிலர் பயந்துபோய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவார்கள். வேறு சிலர், வண்டி ஓடத்தானே செய்கிறது என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஓடியவர்களின் கதைக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் பி0401 என்று ஒரு எண் வருகிறது. 'ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை' என்பது அதன் பொருள். அடுத்த ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பும் வந்துவிடுகிறது.

"ஈஜிஆர் வால்வு போயிடுச்சு சார், மாத்திடலாம்."

விலையைக் கேட்டு உரிமையாளரின் முகம் சுருங்கினால் இரண்டாவது யோசனை தயாராக இருக்கும். "வேணாம்னா விடுங்க சார், ஒரு தகடு வச்சு அடைச்சிடலாம். வண்டி பிக்கப் சும்மா பறக்கும்!"

ஒன்று பணத்தைத் தின்னும் வழி, மற்றொன்று காற்றைக் கெடுக்கும் வழி. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கோளாறு எங்கே என்று யாரும் பார்க்கவே இல்லை! ஸ்கேனர் சொன்னதுதான் நோய் என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். காய்ச்சல் என்று வந்தவருக்கு தெர்மாமீட்டரில் 102 என்று பார்த்துவிட்டு நேராக ஆபரேஷன் தேதி குறிப்பது போன்றது இது. ஸ்கேனர் எண் விசாரணையின் முதல் வரி மட்டுமே. மீதி விசாரணையை ஒரு மனிதர்தான் செய்தாக வேண்டும். அந்த வேலைக்கு மதிப்பும் கூலியும் கொடுக்கப் பழகாதவரை இந்தக் கதை மாறாது.

ஈஜிஆர் என்றால் என்ன?

எஞ்சின் ஏற்கனவே எரித்துவிட்ட புகையில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடுதான் ஈஜிஆர். கேட்டவுடன் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நல்ல காற்று வேண்டிய இடத்தில் எதற்குப் புகை?

காரணம் வெப்பம். காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராது. ஆனால் சிலிண்டருக்குள் எரியும்போது வெப்பம் சுமார் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதே நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுவது கிடுகிடுவென்று கூடுகிறது. எரிந்துமுடிந்த புகையைக் கொஞ்சம் கலந்துவிட்டால் அது எரியாது, வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆக்சிஜனின் பங்கும் குறையும். உச்ச வெப்பம் இறங்கும், நைட்ரஜன் ஆக்சைடும் இறங்கும். பானையில் பொங்கிவரும் சோற்றில் ஒரு கை தண்ணீர் தெளிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாயுக்கள் மேல் ஏன் இவ்வளவு கவலை? 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. கால்டெக் நிறுவனத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் அதன் மூலத்தைக் காட்டினார். வண்டிகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றார். தரைமட்டத்தில் இருக்கும் ஓசோன் நுரையீரலுக்கு எதிரி. அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 1970களின் முதல் பாதியில் அமெரிக்கக் கார்களில் ஈஜிஆர் வால்வு பரவலாக இடம்பிடித்தது. இன்றைய டீசல் கார்களில் குறைந்த சுமையில் ஓடும்போது உள்ளே போகும் வாயுவில் பாதி அளவுகூட இந்தத் திருப்பிவிட்ட புகையாக இருக்கலாம். ஆக, இது ஒரு ஓரத்தில் ஒட்டவைத்த உதிரி உறுப்பு அல்ல. எஞ்சின் மூச்சுவிடும் முறையிலேயே அது ஒரு பகுதி.

கம்ப்யூட்டருக்கு உண்மையில் என்ன தெரியும்?

பலரும் தவறவிடும் இடம் இது. எஞ்சினின் கம்ப்யூட்டர் ஈஜிஆர் வழியாகப் போகும் புகையை நேரில் பார்ப்பதில்லை. ஊகிக்கிறது. வண்டிக்கு வண்டி ஊகிக்கும் முறை மாறும்.

ஃபோர்டு நிறுவனம் 1990களில் பல கார்களில் ஒரு முறையைக் கையாண்டது. ஈஜிஆர் குழாய்க்குள் ஒரு சிறு துளைத் தடுப்பு இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் குழாய் கிளம்பி ஒரு சென்சாருக்குப் போகும். இரு பக்க அழுத்த வித்தியாசத்தை வைத்து ஓட்டம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். இதில் ஒரு ரப்பர் குழாய் வெப்பத்தில் வெடித்தாலோ, சென்சாருக்குள் ஈரம் புகுந்து கெட்டாலோ, 'ஓட்டம் போதவில்லை' என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். வால்வு பாவம், ஒரு தப்பும் செய்திருக்காது!

வேறு சில பெட்ரோல் கார்களில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி மெதுவாகும் நேரத்தில் கம்ப்யூட்டர் வால்வை ஒரு நொடி திறந்து பார்க்கும். இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் மாறினால் புகை வந்திருக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் விளக்கு எரியும்.

பெரும்பாலான டீசல் கார்களில் வழி வேறு. உள்ளே வரும் சுத்தக் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. புகை உள்ளே போனால் அதற்கு இடம்கொடுத்துச் சுத்தக் காற்று குறைய வேண்டும். அந்தக் குறைவை வைத்தே ஈஜிஆர் வேலை செய்கிறதா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்தச் சென்சாரே அழுக்குப் பிடித்துத் தவறாக அளந்தால்? டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள குழாய் கிழிந்து, அளந்த காற்று வெளியே போய்க்கொண்டிருந்தால்? அப்போதும் பழி ஈஜிஆர் மேல்தான் விழும்.

வால்விலேயே நிலை காட்டும் சென்சார் வைத்த மின் வால்வுகளும் உண்டு. அவை வால்வு எவ்வளவு திறந்தது என்பதைத்தான் சொல்லும். கதவு திறந்திருக்கிறது என்பதால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வால்வு ஒழுங்காகத் திறந்து, அதற்கு அப்பால் உள்ள பாதை முழுக்கக் கரி அடைத்திருக்கலாம்.

எண்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு என்பதும் கவனிக்க வேண்டியது. பி0401 ஓட்டம் குறைவு, பி0402 ஓட்டம் அதிகம், பி0403 மின்சுற்றில் கோளாறு, பி0404 வால்வு சொன்ன நிலைக்கு வரவில்லை என்பது. மின்சுற்றுக் கோளாறு என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒயரையும் கனெக்டரையும். ஆனால் நான்குக்கும் ஒரே மருந்து, புது வால்வு! நடைமுறை பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது.

பின்னே எப்படிப் பார்ப்பது?

முதல் வேலை, எண்ணை அழித்துவிடாமல் இருப்பது. விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் வேகம், சுற்று, எஞ்சின் சூடு, சுமை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரு படம் எடுத்ததுபோலச் சேமித்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும். அதைக் குறித்துக்கொண்ட பிறகு பானட்டைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். கழன்ற குழாய், உருகிய ஒயர், கூலன்ட் அளவு. ஐந்து பைசா செலவில்லாத சோதனை இது.

அடுத்தது, வால்வைக் கையால் இயக்கிப் பார்ப்பது. வேக்குவத்தில் இயங்கும் வால்வு உள்ள பெட்ரோல் காரில் இதற்கு ஒரு சின்ன கைப்பம்பு போதும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓட வேண்டும். அந்த நேரத்தில் வால்வு மூடியிருப்பதுதான் வழக்கம். பம்பினால் வேக்குவம் கொடுத்து வால்வைத் திறந்தால், வேண்டாத நேரத்தில் புகை உள்ளே போய் எஞ்சின் திணற வேண்டும், சிலசமயம் நின்றே போகும். இங்கே கிடைக்கும் பதில்களைப் பாருங்கள்:

வேக்குவம் நிற்கவே இல்லை, பம்பின் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். குற்றவாளி வால்வுதான்.

வேக்குவம் நிற்கிறது, எஞ்சினும் திணறுகிறது. வால்வும் நல்லது, பாதையும் நல்லது. வால்வுக்கு வேக்குவம் அனுப்பும் சோலினாய்டு, அதன் குழாய், ஒயர், சென்சார் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

வேக்குவம் நிற்கிறது, எஞ்சின் அசையவே இல்லை. வால்வின் ஊசி இறுகியிருக்க வேண்டும், அல்லது பாதை அடைத்திருக்க வேண்டும். கழற்றிக் கரியைச் சுரண்டினால் முடிகிற வேலையாகவும் இருக்கலாம்.

பம்பைத் தொடும் முன்பே எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது, ஸ்கேனரில் பி0402. வால்வு முழுதாக மூடவில்லை. ஒரு துண்டு கரி அதன் இருக்கையில் மாட்டிக்கொண்டிருந்தால்கூட இப்படி ஆகும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. புகையின் அழுத்தம் இருந்தால்தான் வேக்குவத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்படி அமைந்த பழைய வால்வுகள் சில இருக்கின்றன. அவற்றை ஐடிலிங்கில் சோதித்தால் நல்ல வால்வும் கிழிந்த வால்வு மாதிரித்தான் நடந்துகொள்ளும். எனவே எந்த வகை வால்வு என்று கையேட்டைப் பார்க்காமல் பம்பைத் தூக்கினால் சோதனையே பொய் சொல்லும்.

டீசலில் இந்தத் திணறல் சோதனையை அப்படியே நம்ப முடியாது. டீசல் எஞ்சின் ஐடிலிங்கிலேயே ஈஜிஆரைத் திறந்துவைத்து நிம்மதியாக ஓடக்கூடியது. அங்கே ஸ்கேனரின் நேரடி அளவுகள்தான் உதவும். வால்வைத் திறக்கச் சொன்னால் காற்றின் அளவு தெளிவாக இறங்க வேண்டும், மூடச் சொன்னால் ஏற வேண்டும். இறங்கவில்லையா? பாதை அடைப்பு அல்லது அசையாத வால்வு. ஒழுங்காக இறங்கி ஏறுகிறது, ஆனாலும் எண் திரும்ப வருகிறதா? அப்போது காற்று சென்சாரையும் டர்போ குழாய்களையும் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டும் இல்லை, வெள்ளைப் புகை வருகிறது என்றால் ஈஜிஆர் கூலர் உள்ளே கசிகிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கட் போனாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால் அவசரப்பட்டு எஞ்சினைப் பிரித்துவிடவும் கூடாது.

இவ்வளவும் முடிந்து, வால்வுதான் கெட்டது என்று உறுதியானாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஏன் கெட்டது? அளவுக்கு மீறிக் கரி வந்தது என்றால் எங்கிருந்து? ஒழுகும் இன்ஜெக்டரா? எண்ணெய் தள்ளும் டர்போவா? எஞ்சின் சூடேறும் முன்பே நின்றுவிடும் தினசரி இரண்டு கிலோமீட்டர் பயணமா? இதைக் கேட்காமல் மாட்டிய புது வால்வு சில மாதங்களில் பழைய வால்வாகிவிடும்.

தென்கொரியா சொல்லும் பாடம்

இதெல்லாம் கொஞ்சம் காசு, கொஞ்சம் நேரம் பற்றிய விஷயம்தானே என்று யாராவது நினைத்தால், 2018-இல் தென்கொரியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தக் கோடையில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள், அதிலும் 520டி மாடல்கள், சாலையில் ஓடும்போதே தீப்பிடித்தன. அந்த ஆண்டில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கார்கள் எரிந்தன. சில வாகன நிறுத்தக் கட்டிடங்களில் அந்த நிறுவனத்தின் கார் என்றாலே உள்ளே விட மறுத்தார்கள். சுமார் ஒரு லட்சத்து ஆறாயிரம் கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. சுட்டிக்காட்டப்பட்ட இடம், ஈஜிஆர் கூலர்.

கூலரில் வெடிப்பு விழுந்தால் கூலன்ட் கசிந்து கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து பிசின் போலப் படிகிறது. சரியாகக் குளிராத சூடான புகை அதன்மேல் பட்டால் அது கனன்று, பிளாஸ்டிக்கால் ஆன இன்டேக் மேனிஃபோல்டை உருக்கித் துளைத்துவிடுகிறது. பிறகு தீ.

லட்சம் கார்களையும் சில வாரங்களுக்குள் சோதித்தாக வேண்டும். சின்னக் கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்து, 'பரவாயில்லை' என்பதற்கும் 'மாற்ற வேண்டும்' என்பதற்கும் இடையே ஊழியர்கள் முடிவெடுத்தார்கள். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், சோதனையில் 'பாதுகாப்பானது' என்று தேறிய ஒரு காரே தீப்பிடித்தது! சோதித்தவர்கள் தரப்பில் தவறு நடந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் நடுவில், இன்னும் சோதனை முடிக்காத ஏறக்குறைய 20,000 கார்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது.

அதைவிட முக்கியமானது பிறகு நடந்த விசாரணை. கூலரைத் தாண்டிப் புகையைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு, ஈஜிஆர் வால்வு வேறு. தீ மூளுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக பைபாஸ் வால்வு திறந்திருப்பதை நிறுவனம் சொல்லியிருந்தது. அரசும் தனியார் நிபுணர்களும் சேர்ந்த குழு, வண்டியை ஓட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு, பைபாஸ் வால்வு காரணமல்ல, ஈஜிஆர் வால்வு முழுதாக மூடாமல் நிற்பதுதான் காரணங்களில் ஒன்று என்று 2018 நவம்பரில் அறிவித்தது. டிசம்பரில் வந்த இறுதி அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. கூலருக்குள் கூலன்ட் கொதிக்கிறது, இது வடிவமைப்புச் சிக்கல், குறை முன்பே தெரிந்தும் மறைக்கப்பட்டது என்றது. சுமார் 1,120 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. மறைத்ததாகச் சொன்னதை நிறுவனம் மறுத்தது. அதற்குள் உலக அளவில் திரும்ப அழைக்கப்பட்ட கார்களின் எண்ணிக்கை 16 லட்சத்தை எட்டியிருந்தது.

உலகின் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று, அதன் ஆய்வகங்கள், ஒரு நாட்டின் அரசு. இத்தனை பேர் சேர்ந்தும் 'எந்த வால்வு' என்ற கேள்விக்கு விடைகாண மாதங்கள் பிடித்தன. நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் எப்படி முடிந்துவிடுகிறது?

தகடு வைத்து அடைப்பவர்களின் வாதம்

அடைப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. ஈஜிஆர் கரியைக் கொண்டுவருகிறது, இன்டேக்கில் எண்ணெயோடு சேர்ந்து தார் போலப் படிகிறது, எஞ்சின் ஆயுளைக் குறைக்கிறது என்பார்கள். கரி படிவது உண்மைதான். கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அவர்களுடைய இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. "பெரிய கம்பெனிகளே ஏமாத்துறாங்க, நாங்க பண்ணா மட்டும் தப்பா?" 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். சோதனைச்சாலையில் ஒரு முகம், சாலையில் வேறு முகம் காட்டும் மென்பொருளை உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். பிறகு திருத்திக் கொடுத்த மென்பொருளிலும் 15 டிகிரிக்குக் கீழும் 33 டிகிரிக்கு மேலும், 1000 மீட்டருக்கு மேலான உயரத்திலும் ஈஜிஆர் குறைந்துவிடும். தகடு வைப்பதற்குப் பதில் மென்பொருளால் பாதி அடைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொன்னது? எஞ்சின் அடைத்துக்கொள்வதையும் தேய்வதையும் தடுக்கிறோம் என்பது இப்படிச் செய்யப் போதுமான நியாயம் அல்ல என்று 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த 15-33 டிகிரி ஏற்பாடும் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்று 2022 ஜூலையில் சொன்னது. உடனடி ஆபத்திலிருந்து எஞ்சினைக் காப்பதென்றால்தான் விலக்கு. கரி படியும் என்பது பராமரிப்புப் பிரச்சினை. பராமரிப்புச் செலவை மிச்சம் பிடிக்க ஊரார் நுரையீரலைச் செலவழிக்க முடியாது என்பதுதான் இதன் சாரம். பெரிய நிறுவனத்துக்குச் செல்லாத வாதம் சின்னத் தகட்டுக்கும் செல்லாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் நாட்டில் டீசல் காருக்கு எடுக்கும் புகைச் சான்றிதழ்ச் சோதனை பார்ப்பது புகையின் கருமையை. ஈஜிஆரை அடைத்தால் கருமை குறையும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அதாவது காற்றை அதிகம் கெடுக்கும் கார், சோதனையில் இன்னும் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும்! பிஎஸ்-4 காலத்தில் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது 80 ஆகக் குறைந்தது. சட்டப் புத்தகத்தில் அவ்வளவு பாடுபட்டுக் குறைத்ததை ஒரு தகடு ஒரே மதியத்தில் திருப்பி ஏற்றிவிடுகிறது. புது வண்டிகளில் அடைத்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து விளக்கைத் திரும்ப எரியவிடும். பிறகு மென்பொருளையும் திருத்த வேண்டும். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய்.

பழி யார் மேல்?

மெக்கானிக் மேல் மட்டும் பழிபோட்டுத் தப்பித்துக்கொள்வது சுலபம். ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் செலவழித்து, மேலே சொன்ன சோதனைகளையெல்லாம் செய்து, கடைசியில் நூறு ரூபாய் பெறாத ஒரு ரப்பர் குழாய் கிழிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். குழாயை மாற்றிவிட்டு ஆயிரம் ரூபாய் கேட்கிறார். வண்டிக்காரர் என்ன சொல்வார்? "ஒரு குழாய்க்கு ஆயிரமா? கொள்ளை அடிக்கிறாங்கப்பா!"

அதே மெக்கானிக் ஒன்றையும் பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் வால்வை மாற்றினால் அதே வண்டிக்காரர் பேசாமல் பணத்தை எண்ணி வைப்பார். ஏனென்றால் கையில் பழைய பாகம் வருகிறது, புதுப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது. பொருளுக்குக் காசு கொடுக்கத் தெரிந்த நமக்கு யோசனைக்குக் காசு கொடுக்கத் தெரியவில்லை. கண்டுபிடித்தவனைத் திட்டி, கண்டுபிடிக்காதவனுக்குக் கூலி கொடுத்தால் எந்தத் தொழில் வளரும்?

படிப்புப் பக்கமும் குறை இருக்கிறது. ஈஜிஆரின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும். 'இந்த அளவுகள் வருகின்றன, கோளாறு எங்கே, எப்படி உறுதிசெய்வாய்?' என்று கேட்கும் கேள்விகள் எத்தனை? பாகத்தின் பெயர் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'இது காரணமில்லை' என்று நிரூபித்து ஒதுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

மாற்றம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்த முறை யாராவது "வால்வு போயிடுச்சு" என்றால் வண்டிக்காரர் மூன்றே கேள்விகள் கேட்கட்டும். வால்வை இயக்கிப் பார்த்தீர்களா, எஞ்சின் என்ன செய்தது? பாதையைக் கழற்றிப் பார்த்தீர்களா? கெட்டது எதனால்? பதில் இருந்தால் அந்த மெக்கானிக்கை விட்டுவிடவே கூடாது, சோதனைக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். பதில் இல்லை என்றால் வண்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

தகடு வைக்கலாம் என்று சொன்னால் நாலாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்தப் புகையை யார் சுவாசிக்கப் போகிறார்கள்? சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரரும், அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையும்தானே?